எத்தனை 'வாரோம்' சொன்னால் கார்பன் கிளம்பும்

மதுரை ஜில்லாவில் அணுக்கருவைச் சொந்தக்காரரை மாதிரி நலம் விசாரிக்கிற ஒரே ஆள் எங்கள் கொத்து அண்ணன்தான். ரேடியம் மாதிரி கனத்த அணுக்கரு எப்போதாவது ஒரு கார்பன் கருவை அப்படியே முழுசாக வெளியே அனுப்பிவிடும். அதற்குப் பெயர் கொத்துக் கதிரியக்கம். அது நடக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குப் போடுவதுதான் அவர் ஆராய்ச்சி. என் ஆராய்ச்சியும் அதுவே. ஒரே வழிகாட்டியிடம் இரண்டு பேரும் பகுதி நேரமாகச் சேர்ந்திருந்தோம்.

ஆரப்பாளையம் பரோட்டாக் கடையில் "கொத்து யாருக்கு?" என்று மாஸ்டர் குரல் கொடுத்தால், அண்ணன் நிமிர்ந்து, "கார்பனா, நியானா?" என்பார்.

மாஸ்டர் பழகிவிட்டார். "முட்டைண்ணே" என்று தட்டை வைத்துவிட்டுப் போவார்.

திருமங்கலத்தில் பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு, தலை நரைத்த பிறகு வைவா வந்தது. ஆய்வேட்டைப் பற்றி சபை நடுவே நின்று பதில் சொல்ல வேண்டும். வீட்டு வாசலில் என் மனைவி 'முனைவர்' என்று பெயர்ப்பலகையே மாட்டிவிட்டாள். தோற்றால் அதைக் கழற்ற வேண்டியவனும் நான்தான். அந்தப் பதற்றத்தில் கல்லூரி வாசலில் வணக்கம் சொன்ன வாட்ச்மேனிடம், "நல்ல கேள்வி சார்" என்றேன்.

தேர்வாளர் வடக்கத்திக்காரர். சென்னையில் சில வருஷம் இருந்ததில் அரைகுறையாகத் தமிழ் கற்றவர். "கார்பன் எப்படி வெளியே வருது? சமன்பாடு வேணாம், சிம்பிளா சொல்லுங்க" என்றார். சமன்பாடு இல்லாமல் எனக்கு என் பெயரே சொல்ல வராது. கை தானாக சாக்பீஸைத் தேடியது.

வைவாவில் பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம். கடைசி வரிசையிலிருந்து அண்ணன் எழுந்தார்.

"ஏ மாப்ள, கல்யாண மண்டபத்துல இருந்து ஒரு குடும்பம் எப்படிக் கெளம்பும்? அதைச் சொல்லு."

நாக்கு தானாக அவிழ்ந்தது. "மொதல்ல அங்கங்க நிக்கிற ஆளுக எல்லாம் ஒண்ணாச் சேரணும். கொத்து உருவாகுறது அதுதான். அப்புறம் வாசலுக்குப் போய் 'வாரோம்'ங்கணும். அங்க சொந்தக்காரங்க மறிச்சு, 'காப்பி குடிச்சிட்டுப் போங்க'ன்னு உள்ள இழுத்துருவாங்க. அதுதான் தடுப்பு."

தேர்வாளர் புருவத்தை நெரித்தார். "வாரோம் மீன்ஸ் கம்மிங். கார்பன் போகுதா, வருதா?"

சபை சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

"ரெண்டும்தான் சார். கொத்து தடுப்புல மோதி மோதித் திரும்பும். ஒவ்வொரு மோதலும் ஒரு 'வாரோம்'. கணக்கில்லாம சொன்ன பெறகு, ஒரு தடவை வெளிய நிக்கும். எம்புட்டு வாரோம்ங்கிறதுதான் என் ஆய்வு."

"அப்போ ஆல்பா?"

"அது நாலே துகள் சார், புருஷன், பொண்டாட்டி, ரெண்டு புள்ளைக மாதிரி. ஒரே பைக்குல கெளம்பிரும்."

பட்டம் கிடைத்தது.

எனக்கு முன்னால் சேர்ந்தவர் அண்ணன். மற்றவர்கள் கணக்கையெல்லாம் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, தன் ஆய்வேட்டைக் கடைசியாகத்தான் எழுதினார். அவருக்கு வைவா அடுத்த வாரம். "படிச்சிட்டீகளாண்ணே?" என்று நேற்றுக் கேட்டேன்.

"அம்புட்டும் தெரிஞ்சதுதான மாப்ள" என்று கொட்டாவி விட்டார்.

அவர் நிம்மதியாக இருக்கிறார். அவருக்கும் சேர்த்து நான்தான் பயந்துகொண்டிருக்கிறேன்.