வீசா ஜன்னலில் பதின்மூன்று மாநிலங்கள்

அமெரிக்காவின் அரசியலமைப்பை அளவுக்கு மேல் படித்த குற்றத்துக்காக அமெரிக்காவுக்குள் விடப்படாதவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒருவர் இருக்கிறார். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல்முனையில் ஒரு மரக்கறிக் கடையில், முருங்கைக்காய்க் கட்டுகளுக்குப் பின்னால் நிற்பார். உச்சந்தலையில் முடி இருக்காது. நான்தான் அது.

(இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். என் மனைவி ரஜனி சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.)

எனக்கு ஒரே தங்கச்சி, வனிதா. சண்டைக் காலத்தில் நான் பாரிசுக்கு ஓடி வந்தேன். பிறகு அவள் கலியாணம் கட்டி நியூ ஜெர்சிக்குப் போனாள். கொழும்பு விமான நிலையத்தில் என்னை வழியனுப்பிவிட்டுக் கையசைத்துக்கொண்டு நின்றவளை அதற்குப் பிறகு நான் நேரில் பார்க்கவேயில்லை. எனக்கு அகதிக் கார்ட், அவளுக்கு எப்போதும் ஏதோ ஒரு பத்திரம் இழுபறியில். ஒருவருக்குச் சரிவந்தால் மற்றவருக்குச் சரிவராது. இப்படியே பத்தொன்பது வருடம் போய்விட்டது.

பத்தொன்பது வருடம் தொலைபேசியில் என்னத்தைத்தான் கதைப்பது? முதலில் இரண்டு பேரும் அழுதோம். பிறகு ஊர்வம்பு, விடுப்பு என்று கதைத்தோம். கடைசியில் மூன்றே மூன்று கேள்விகள் மிஞ்சின. "சாப்பிட்டியளோ அண்ணை?" "அங்கை குளிரோ?" "வேறை என்ன?" இந்த "வேறை என்ன" வந்துவிட்டால் அழைப்பு முடிந்தது என்று அர்த்தம். பாசம் குறைந்துபோகவில்லை. ஒரே வீட்டில் இருந்தால் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் குந்தியிருக்கலாம், தொலைபேசியில் அப்படிக் குந்தியிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் வனிதா பதறிக்கொண்டு தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, சிற்றிசனுக்குப் போட்டிருக்கிறன். ஒரு புத்தகம் தந்திருக்கினம். நூறு கேள்வி. அதிலை பத்துக் கேப்பினமாம், ஆறு சரியாச் சொல்ல வேணும். எனக்கு இப்பவே பயமாக் கிடக்கு."

அவளுக்குச் சோதனை என்றால் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாளைத் திருப்பிப் பார்க்கும் முன்னமே மயங்கி விழுந்திருக்கிறாள்.

"நீ ஏன் பயப்பிடுறாய்? புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பு. நான் கேக்கிறன், நீ சொல்லு" என்றேன்.

வனிதா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். அவளுக்குப் பகல் ஒரு மணிக்கு அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை. இங்கே அப்போது மாலை ஏழு. கைபேசியை வெங்காய மூட்டையில் சாய்த்து வைத்து, காதில் கருவியைச் செருகிக்கொண்டு, வெண்டிக்காய் நிறுத்தபடியே கேள்வி கேட்பேன். ஒருமுறை செவ்ரான் புறநகரிலிருந்து வந்த ஓர் அம்மா, "தம்பி, கத்தரிக்காய் கிலோ என்ன விலை?" என்று கேட்க, நான் கம்பீரமாக "ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழு" என்று சொல்லியிருக்கிறேன். (அது அரசியலமைப்பு எழுதப்பட்ட ஆண்டு. அந்த அம்மா அதற்குப் பிறகு எதிர்க்கடையில்தான் வாங்குகிறா.)

ஒரு கேள்வியிலிருந்து இன்னொரு கதைக்கு எப்படிப் போனோம் என்று எங்களுக்கே தெரியாது. அரசாங்கத்தில் மூன்று கிளைகள், ஒன்று அளவுக்கு மீறினால் மற்றது தடுக்கும் என்று புத்தகத்தில் இருந்தது.

"எங்கடை வீட்டிலை மூண்டு கிளையும் அம்மாதானே" என்றாள் வனிதா. "சட்டம் போடுறதும் அவ, அடிக்கிறதும் அவ, தீர்ப்புச் சொல்லுறதும் அவ."

"அப்பா?"

"அப்பா வாக்காளர்."

வெங்காய மூட்டை ஆட ஆடச் சிரித்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவள் சிரிப்பதை அன்றுதான் கேட்டேன். அரை மணி நேரம் முடிந்தது தெரியவில்லை, "வேறை என்ன" வரவேயில்லை.

முதல் ஜனாதிபதி வாஷிங்டன் இரண்டு தவணை இருந்துவிட்டு, போதும் என்று தன் வீட்டுக்குத் திரும்பிப் போனார் என்று நான் விளக்கினேன். ஆசைப்பட்டிருந்தால் சாகும்வரை இருந்திருக்கலாம், மனுசன் விட்டுப்போட்டுப் போய்விட்டது என்றேன். "போறதுக்கு ஒரு வீடு இருந்தால் நானும் உப்பிடிப் போயிடுவன் அண்ணை" என்றாள். நான் நிறுத்த வெண்டிக்காயையே திரும்பவும் நிறுத்தேன். அடுத்த கேள்விக்குப் போனோம்.

அவளுக்காகத் தொடங்கிய படிப்பு எனக்குப் பைத்தியமாகிவிட்டது. அந்தப் புத்தகம் போதாமல் நானே தேடிப் படித்தேன். விடுதலைப் போர்க் காலத்தில் அவர்கள் செய்த முதல் ஏற்பாடு சரிவரவில்லை, பதின்மூன்று மாநிலமும் எங்கள் ஊர்ச் சங்கம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுத்தது, பிறகு ஒரு கோடைகாலம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து அரசியலமைப்பை எழுதினார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பிரித்தானியாவோடு அவர்கள் செய்த சமாதான உடன்படிக்கை பாரிசிலேயே, ரூ ஜக்கோப் என்ற தெருவில் கையெழுத்தானது என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், வீடியோவில் சுவரிலிருக்கும் நினைவுக் கல்லை அவளுக்குக் காட்டினேன். ஃபிராங்க்ளின் என்ற கிழவர் வயது போன காலத்தில் கடல் தாண்டிப் பாரிசுக்கு வந்து, தன் நாட்டுக்காக வாசல் வாசலாக உதவி கேட்டவர் என்று சொன்னேன். "பாவம், உங்களை மாதிரித்தான்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வனிதா பாஸ். முதல் ஆறையும் சரியாகச் சொன்னதும் நிறுத்திவிட்டார்களாம். "மிச்சம் நாலையும் கேளுங்கோ எண்டு நான்தான் அண்ணை கெஞ்சினனான்" என்றாள். பிறகு குரலை இறக்கி, "சத்தியப்பிரமாணத்துக்குத் திகதி வந்திட்டுது. நீங்கள் வரவேணும். நீங்கள் படிப்பிச்ச சோதனையெல்லோ?" என்றாள்.

பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் நேர்முகம் இல்லாமலே போகலாம். என்னிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். அதற்கு வீசா வேண்டும், வீசாவுக்குத் தூதரகத்தில் நேர்முகம் உண்டு. ரஜனி ஒரு வாரம் மினக்கெட்டுக் கோப்புத் தயாரித்தாள். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வீட்டு வாடகைப் பற்றுச்சீட்டு, கலியாணப் பத்திரம், பிள்ளைகள் இரண்டு பேரின் பள்ளிக்கூடக் கடிதம், முதலாளியின் கடிதம், எல்லாம் நிறப் பிரிப்பான் போட்டு அடுக்கியிருந்தாள்.

"இஞ்சையப்பா, நீங்கள் திரும்பி வருவியள் எண்டு அவைக்குத் தெரியவேணும், அவ்வளவுதான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. கடையிலை சனத்தோடை அலட்டிற மாதிரி அலட்டாதேங்கோ."

"எனக்குத் தெரியாதே?" என்றேன். (இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போடலாம் போல இருக்கிறது.)

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பெண் அதிகாரி. நல்ல முகம், நல்ல பிரெஞ்சு. எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டா. தங்கையின் குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்கு என்றேன். அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்தது.

"வாழ்த்துகள். பரீட்சை கடினமாக இருந்ததா அவருக்கு?"

அந்த இடத்தில் "இல்லை, நன்றி" என்று சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். "நான்தான் படிப்பித்தேன்" என்றேன்.

"அப்படியா? அரசியலமைப்பில் எத்தனை திருத்தங்கள்?" என்று அவ சிரித்துக்கொண்டே, விளையாட்டாகத்தான் கேட்டா.

இருபத்தேழு என்றேன். கேட்காமலே முதல் பத்தும் ஏன் வந்தன என்று சொன்னேன். பிறகு ஆங்கிலத்துக்கு மாறிப் பதின்மூன்று மாநிலங்களையும் வடக்கிலிருந்து தெற்காக ஒப்புவித்தேன். நியூ ஜெர்சி வந்த இடத்தில் "மை சிஸ்டர்!" என்று நெஞ்சில் தட்டினேன். அரசியலமைப்பின் முதல் வசனத்தைச் சொல்லும்போது என்னை அறியாமலே அட்டென்ஷனில் நின்றேன். பின்னால் வரிசையில் நின்ற சனம் எட்டிப் பார்த்தது. பாதுகாவலர் ஓர் அடி கிட்ட வந்தார். எனக்கோ சந்நதம். எத்தனையோ அலுவலகங்களில் அரைகுறைப் பாஷையில் கூனிக்குறுகி நின்றவனுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜன்னலில் எல்லா விடையும் தெரிந்திருந்தது!

அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, முகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, மெதுவாகக் கேட்டா: "ஐயா, பாரிசில் உங்களுக்கு என்ன இருக்கிறது?"

திரும்பி வருவதற்கு என்ன காரணம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கோப்பு என் கைக்குள் இருந்தது. மனைவி, பிள்ளைகள், வேலை, வீடு எல்லாம் நிறம் நிறமாக அதற்குள் இருந்தன.

"பாரிசிலா? உங்கள் சமாதான உடன்படிக்கையே பாரிசில்தானே கையெழுத்தானது! ரூ ஜக்கோப்பில் கல் இருக்கிறது!" என்றேன். ஃபிராங்க்ளினைப் பற்றி ஒரு மூன்று நிமிடம் பேசினேன்.

"அமெரிக்காவில் வாழ விருப்பமா?" என்று அவ கடைசியாகக் கேட்டா.

மரியாதைக்கு மறுக்கக் கூடாதே என்று, "யாருக்குத்தான் விருப்பமில்லை!" என்றேன்.

வீசா இல்லை என்று ஒரு தாளைத் தந்தா. வருகை வீசா கேட்பவர் அங்கேயே தங்கிவிடுவார் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளுமாம், இல்லை என்று காட்டுவது என் பொறுப்பாம். நிரூபிக்கும்வரை எவரும் குற்றவாளி இல்லை என்று வனிதாவுக்கு நான் எத்தனை தடவை விளக்கியிருப்பேன்! வீசா ஜன்னலில் கதை வேறு. கோப்பைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ரஜனி நடந்ததையெல்லாம் கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"பாரிசிலை என்ன இருக்கெண்டு கேக்கேக்கை, நானும் பிள்ளையளும் உங்களுக்கு ஞாபகம் வரேல்லையோ? ஆரோ செத்துப்போன கிழவன்தான் வந்தவரோ?"

மகள் "பப்பா, ஸே பா வ்ரே!" (உது உண்மையாயிருக்கேலாது!) என்று தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணீரோடு இந்தக் கதையும் பரிமாறப்படும்.

சத்தியப்பிரமாணத்தைக் கடையில் நின்றபடிதான் பார்த்தேன். வனிதாவின் மகள் வீடியோவில் காட்டினாள். மண்டபத்தில் மச்சான், வனிதாவின் கணவர், இருந்தார். பக்கத்துக் கதிரையில் ஒரு கைப்பை மட்டும் இருந்தது.

"அது ஆற்றை கதிரை பிள்ளை?"

"உங்கட, மாமா. அம்மா ஒருத்தரையும் இருக்க விடேல்ல."

வீசா இல்லை என்று தெரிந்த பிறகும் பிடித்து வைத்திருந்திருக்கிறாள். வனிதா வலது கையை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன், கையில் ஒரு பாகற்காயோடு. அவள் சொன்ன சொல்லெல்லாம் நானும் சொன்னேன். எனக்குக் கண் தெரியவில்லை, கண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற ஒருவர், "என்ன அண்ணை, உங்களுக்கும் குடுத்திட்டினமோ?" என்று கேட்டார். அந்த நாளிலிருந்து லா சப்பலில் என் பெயர் "ஜனாதிபதி அண்ணை."

ஒவ்வொரு வருடமும் அடுத்த கோடைக்குப் பாரிசுக்கு வருகிறேன் என்பாள் வனிதா. மச்சானின் முதுகு ஒப்பரேஷன், மகளின் கல்லூரி, லீவு இல்லை என்று மூன்று கோடை போய்விட்டது. நான் இப்போது பிரெஞ்சுக் குடியுரிமைக்குப் போட்டிருக்கிறேன். பொபினி அரச அலுவலகத்தில் நேர்முகம். அதற்கும் கேள்விகள் உண்டு. மாலை ஏழு மணிக்கு வனிதா எடுத்து, பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து தொடங்கிப் பிடிபிடியென்று பிடிக்கிறாள். அவளும் ஒரு கண்டிப்பான வாத்தியார்தான்.

போன கிழமை திடீரென்று, "அண்ணை, பாரிசிலை உங்களுக்கு என்ன இருக்கெண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்?" என்று கேட்டாள்.

"ரஜனி. பிள்ளையள். கடை."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை. நீ அங்கையெல்லோ இருக்கிறாய்."

அந்தப் பக்கம் சமையலறையில் யாரோ தட்டுக் கழுவுவது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"உந்த விடையைச் சொன்னியள் எண்டால் பிரெஞ்சுக்காரனும் தரமாட்டான்."

அதையும் ரஜனி இப்போது கதையோடு சேர்த்துச் சொல்கிறாள்.