எல்லாவற்றுக்கும் மஞ்சள் சீட்டு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஸ்பானிஷ் மொழியை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன், நாங்கள் 'மஞ்சள் சீட்டு' என்று கூப்பிடும் என் நண்பன்தான். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

தரப் பரிசோதனையில் வேலை அவனுக்கு. சரியான பாகத்துக்குப் பச்சைச் சீட்டு ஒட்டுவான், சந்தேகம் என்றால் மஞ்சள், கெட்டுப்போனால் சிவப்பு. ஸ்பெயினிலிருந்து மெஷின் வந்ததும், அந்த மொழி தெரிந்த ஒருவரை மூன்று மாதப் பயிற்சிக்கு அங்கே அனுப்புவோம் என்றார்கள். திரும்பி வந்தால் நிரந்தர வேலை. நானும் அவனும் போனில் பாடம் கேட்டோம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், மனப்பாடத்தில் புலி. ஆனால் ஒரே வினைச்சொல் இரண்டு வேஷம் போட்டதும் படுத்துவிட்டேன். ஒருத்தன் வருகிறான் என்றால் 'பியேனே'. வரணுமே, வருவானோ என்னவோ என்றால் 'பெங்கா'.

அவன் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னான்: "இதுல இன்னாடா பேஜாரு? நடக்குறது பச்ச. ஆச, பயம், சந்தேகம்லாம் மஞ்ச."

அன்றிலிருந்து உலகத்துக்கே சீட்டு ஒட்டினான். கேன்டீன் பலகையில் 'நாளை சிக்கன்', அதன்மேல் மஞ்சள். போனஸ் உண்டு என்ற சூப்பர்வைசர் முதுகில் மஞ்சள். பெண் பார்க்கப் போன வீட்டில் கட்டாயம் பதில் சொல்கிறோம் என்றார்கள். பழத்தட்டில் மஞ்சள் ஒட்டிவிட்டு வந்தான். பதில் வரவேயில்லை.

தேர்வு நாளில் ஸ்பெயின் எஞ்சினியர் திரையில் உட்கார்ந்து, தங்களுக்கு வரவேண்டிய சரக்கு வெள்ளிக்கிழமை கிளம்புமா என்று கேட்டார். கிளம்பும் என்றுதான் சொல்லணும் என்று மேனேஜர் முன்னமே மிரட்டியிருந்தார். நான் கிளிப்பிள்ளையாகச் சொன்னேன். அவனோ, 'எஸ்பேரோ கே சால்கா' என்றான். கிளம்பணும்னு ஆசை, ஆனால் ஒரு பெட்டி இன்னும் மஞ்சளில் நிற்கிறது என்று விளக்கமும் சொன்னான்.

மேனேஜர் முகம் சிவப்புச் சீட்டானது. திரையில் இருந்தவர் சிரித்தார். உங்களிடமிருந்து எனக்கு இதுவரை 'கிளம்பும்' மட்டும்தான் வந்திருக்கிறது, சொன்ன நாளில் சரக்கு வந்ததில்லை. இவனையே அனுப்புங்கள் என்றார். எனக்குப் பொறாமை வரவில்லை. திறந்த வாய்தான் மூடவில்லை.

அவன் கிளம்பும் அன்று புதுவாயல் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம்.

"மச்சான், அங்கயே தங்கிடாம திரும்பி வருவியா?" என்றேன்.

அவன் பைக்குள் கையை விட்டான். இன்னும் நடக்காத சமாச்சாரம், மஞ்சள்தான் வரும் என்று மனசைத் தயார் பண்ணிக்கொண்டேன். என் சட்டையில் ஒன்றை அழுத்தி ஒட்டிவிட்டுப் பஸ் ஏறினான். குனிந்து பார்த்தேன். பச்சை.

அந்தச் சட்டை பலமுறை வெளுத்தாயிற்று. சீட்டு என் லாக்கர் கதவில் இருக்கிறது.