கண்ணீருடன் பதினோரு தோழர்கள்

காதல் என்பது இரண்டு பேர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று இன்னமும் நம்புகிறவர்கள் புதுச்சேரி முதலியார்பேட்டைக்கு வந்ததில்லை என்று அர்த்தம். இங்கே அது பதின்மூன்று பேர் சம்பந்தப்பட்டது. காதலிப்பவன் ஒருவன், காதலிக்கப்படுபவள் ஒருத்தி, மீதிப் பதினோரு பேர் ‘துணைநிற்கும் தோழர்கள் நற்பணி மன்றம்’. உலகத்துச் சோக நாடகங்களில் எல்லாம் நாயகனுக்கு இரண்டு மூன்று நண்பர்கள்தான் இருந்தார்கள்; நாடகம் சோகமாக முடிந்ததற்கு அந்த ஆள் பற்றாக்குறையே காரணம் என்பது மன்றச் செயலாளர் கமலக்கண்ணனின் ஆய்வு முடிவு.

வினோத்குமாருக்குக் காதல் வந்திருப்பது ஒரு திங்கட்கிழமை மன்றத்தின் ‘கவனத்துக்கு வந்தது’. அவன் ஏ.சி. மெக்கானிக். காமராஜர் சாலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஏ.சி. பழுதுபார்க்கப் போனவன், அங்கே ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் சுடர்விழியைப் பார்த்துவிட்டான். ஏ.சி. அன்றைக்கே சரியாகிவிட்டது. இவன் சரியாகவில்லை. அடுத்த மூன்று வாரத்தில் ஆறு தடவை போய்ச் சர்க்கரை பார்த்துக்கொண்டான். ஆறு தடவையும் சர்க்கரை இல்லை. ஆறு தடவையும் அவள் “வலிக்குதா?” என்று கேட்டாள், இவன் “இல்லீங்க” என்றான். இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

கமலக்கண்ணன் இதைச் சும்மா விடுகிற ஆள் இல்லை. டீக்கடைக்குப் பின்னால் அவசரக் கூட்டம் கூட்டி, நோட்டைத் திறந்தான்.

“இது வியாதி மச்சி,” என்றான் மருந்துக்கடை ஷஃபீக். “சோறு எறங்கல, தூக்கம் வரல, கை நடுங்குது. ரெண்டு வேளை சத்து மாத்திர குடுப்போம்.”

“வியாதியும் இல்ல, வெங்காயமும் இல்ல. கொழுப்பு!” என்றான் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்யும் கன்னியப்பன். “நாலு நாளு என்கூட வந்து ஐஸ் ஒடைக்கட்டும். காதலாவது கத்திரிக்காயாவது.”

வினோத்குமார் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். “டேய், வர்ற ஞாயித்துக்கெழம அவள பொண்ணு பாக்க வர்றாங்களாம். பிரான்ஸ் மாப்புள. நாளைக்கே போயி நானே அவகிட்ட நேரா கேட்டுடட்டுமா?”

பதினோரு பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்டவரே நடவடிக்கையில் தலையிடுவது மன்ற வரலாற்றில் இதுதான் முதல் தடவை.

“அவசரப்படாதடா,” என்றான் கமலக்கண்ணன். “நாங்க எதுக்குடா இருக்கோம்? நீ போயி எசகுபெசகா ஏதாச்சும் பேசி, அவ மாட்டேன்னுட்டா ஒன் மனசு என்னா ஆவறது? மன்றம் முடிவெடுக்கற வரைக்கும் நீ அந்த ரோட்டுப் பக்கமே போவக்கூடாது. சத்தியம் பண்ணு.” சொல்லிவிட்டு அவனைத் தோளோடு இறுக்கிக் கட்டிக்கொண்டான். வினோத்குமார் மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம்.

வினோத்குமார் சத்தியம் செய்தான். நோட்டில் கையெழுத்தும் போட்டான்.

செவ்வாய்க்கிழமை மாத்திரை கொடுக்கப்பட்டது. சோறு இறங்கவில்லை, மாத்திரை இறங்கியது. புதன்கிழமை ஐஸ் உடைக்க அனுப்பப்பட்டான். கையில் கட்டையைப் பிடித்தபடி அவன் நின்ற நிலையில், முன்னால் இருந்த ஒரு பாளம் முழுதாகக் கரைந்து ஓடிவிட்டது. “இவனால எனக்கு மீனு கெட்டுப்போவும்டா,” என்று கன்னியப்பன் பதினோரு மணிக்கே திருப்பி அனுப்பிவிட்டான்.

வியாழக்கிழமை ‘மாற்று முகங்கள் திட்டம்’. மாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியதும் கடற்கரைச் சாலையில் ஊரே நடக்கும். பதினோரு பேரும் வினோத்குமாரை நடுவில் விட்டு, காந்தி சிலைக்கும் பழைய கலங்கரை விளக்கத்துக்கும் இடையில் நான்கு தடவை நடத்திக் கூட்டிப்போனார்கள்.

“அந்த மஞ்ச சுடிதாரப் பாருடா. எப்படி?”

“ஊசி குத்தறப்ப அவங்க வலிக்குதான்னு கேப்பாங்களா?” என்றான் வினோத்குமார்.

வெள்ளிக்கிழமை, மன்றமே சுடர்விழியிடம் பேசுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. யார் போய்ப் பேசுவது என்பதில் மட்டும் பதினோரு கருத்துகள் இருந்தன. மூவர் குழு அமைக்கலாம் என்றார்கள். மூவர் யார் என்று முடிவாகாததால் கூட்டம் ‘தேதி குறிப்பிடாமல்’ ஒத்திவைக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரான்ஸ் மாப்பிள்ளை வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் வேறு நண்பர்களாக இருந்தால் கைவிட்டிருப்பார்கள். கமலக்கண்ணன் கைவிடவில்லை. பிறந்தநாள், காதுகுத்து, புது வண்டி என்று எல்லாவற்றுக்கும் பேனர் வைத்த மன்றம், ஒரு நண்பனின் காதல் தோல்விக்கு வைக்காமல் இருப்பதா? அன்றைக்கே பேனர் கடைக்குப் போனான்.

“சோகத்துக்கு நம்மகிட்ட ஒரே டிசைன்தாண்ணா,” என்றான் கடைக்காரன். “கறுப்பு கலரு. ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவுல போட்டோ, சுத்தி ரோஜாப்பூ.”

“பிரமாதம். அதையே போடு.”

திங்கட்கிழமை காலை டீக்கடைத் தெரு மூலையில் பேனர் எழுந்தது. ‘ஆருயிர் நண்பன் வினோத்குமார்! மீளாத் துயரில்…’ கீழே ‘கண்ணீருடன்’ என்று போட்டு, கூலிங்கிளாஸ் அணிந்த பதினோரு படங்கள். ஒன்பது மணிக்குள் நாலு மாலை வந்து சேர்ந்தது. வினோத்குமார் வேலை செய்த கம்பெனியில் அரை நாள் விடுமுறை விட்டார்கள். வினோத்குமாரே பேனருக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அழுதபடி மாலையோடு வந்த ஒரு பெரியவர், “தள்ளுப்பா” என்று அவனை ஒதுக்கிவிட்டுப் போனார்.

ஒன்பதரைக்குச் சுடர்விழி வந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். பேனரைப் பார்த்தாள். டீ கிளாஸோடு நின்றவனைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“செத்துட்டீங்கன்னாங்க…”

“இல்லீங்க,” என்றான் வினோத்குமார்.

கமலக்கண்ணன் பெருமையோடு முன்னால் வந்தான். “காதல் தோல்விக்குத்தாங்க வெச்சோம். மன்றத்து சார்பா.”

“யார காதலிச்சாரு?”

பதினோரு விரல்கள் அவளை நோக்கி நீண்டன.

“என்னையா? எனக்கு யாருமே சொல்லலியேண்ணா!” அவளுக்குக் குரல் உடைந்தது. “சர்க்கரையே இல்லாத ஆளுக்கு ஆறு வாட்டி சர்க்கரை பாத்து அனுப்புனேனே, எதுக்கு? இன்னிக்கி கேப்பாரு, நாளைக்கி கேப்பாருன்னுதான். போன வாரம் பூரா வாசலயே பாத்துகினு இருந்தேன். இவரு வரவேயில்ல. நேத்து சரின்னு சொல்லிட்டேன். தட்டு மாத்திட்டாங்க.”

எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போனாள்.

“நீ ஒண்ணும் கவலப்படாதடா,” என்று கமலக்கண்ணன் நோட்டைத் திறந்தான். “ஒடனே அவசரக் கூட்டத்த போட்டு…”

வினோத்குமார் டீ கிளாஸைக் கீழே வைத்தான். நண்பர்கள் வைத்த பேனரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தான்.

“கமலு, என் படம், பூவு, வெளக்கு எல்லாமே சரியா இருக்குடா. ஒங்க பதினோரு பேரு படத்துக்கு மேல ‘கண்ணீருடன்’னு போட்டுருக்கு பாரு, அது ஒண்ணுதான் தப்பு. ‘கொன்னவங்க’ன்னு மாத்தச் சொல்லு.”