ஊத்திக்கிச்சு வாத்தியார்

செங்கல்பட்டிலிருந்து கடப்பாக்கம் வரை எத்தனை ஆசிரியர்கள் உண்டோ, அத்தனை பேரும் பாடம் நடத்துவதில் புலிகள். ஒரே ஒருவரைத் தவிர. நம்பாவிட்டால் எங்கள் வாட்ஸ்அப் குழுவைப் பாருங்கள்.

ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வதற்காகத் தொடங்கிய குழு அது. அட்மின் நான். காலையில் ரோஜாப்பூ வரும். மாலையில், பவுடர் பூசிய பிள்ளைகள் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம் வரும். எல்லாரும் கைதட்டுவோம். படத்தைத் திறந்து பார்க்காமலே கைதட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. யாரிடம் எதைக் கற்றோம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இந்தப் பூந்தோட்டத்துக்குள் ஒருநாள் எருமை மாதிரி நுழைந்தது ஒரு வீடியோ. கடப்பாக்கம் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர், கலைந்த தலையோடு சொன்னார்: “வணக்கம்பா. இன்னிக்கி என் கிளாஸு ஊத்திக்கிச்சு.”

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்று காட்ட நினைத்திருக்கிறார். பக்கத்தில்தான் கடல் இருக்கிறதே என்று ஒரு வாளி மொண்டு வந்திருக்கிறார். முட்டை நேரே அடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. பின்னாலிருந்து ஒரு பிள்ளையின் குரல்: “சார், அத்த அவிச்சாவது குடு சார்!”

மாமல்லபுரத்து டீச்சர் ஒருவர் மட்டும் பதில் போட்டார்: “கடல் உப்பு பத்தாது சார். இன்னும் நாலஞ்சு பிடி போட்டுப் பாருங்க.” மறுநாள் முட்டை மிதந்தது. எனக்கும் அந்தச் சங்கதி அன்றுதான் தெரியும். இருந்தாலும், எல்லாம் தெரிந்தவன் தோரணையில் ஒரு கட்டைவிரலைப் போட்டுவைத்தேன்.

அதற்கப்புறம் மாலையானால் ஊத்திக்கிச்சுதான். பின்னம் சொல்லித்தரத் தோசையை வெட்டினார். கால் பெரிதா, அரை பெரிதா என்று கேட்பதற்குள் முழுசும் காலி. நிழலை அளக்க வெளியே கூட்டிப்போனார், வானம் மூடிக்கொண்டது. ‘ஊத்திக்கிச்சு வாத்தியார்’ என்று பெயர் வைத்தோம். மனிதர் கோபிக்கவில்லை, அதையே வாட்ஸ்அப்பில் தன் பெயராகப் போட்டுக்கொண்டார்.

“ஏன் சார் நம்ம மானத்த வாங்கறீங்க?” என்று போனில் கேட்டேன்.

“இன்னா நைனா, எங்க ஸ்கூல்ல நானும் எச்.எம். அம்மாவும்தான். அந்தம்மாவுக்கு ரிப்போர்ட் அனுப்பவே நேரம் பத்தல. ஊத்திக்கினா நான் யாராண்ட கேக்கறது? செவுத்தாண்டயா? இந்த குரூப்பு இல்லன்னா நான் காலி.”

இந்த நேரம் பார்த்துக் கல்வி அதிகாரி ஒருவர் குழுவில் சேர்ந்தார். இரண்டு ஊத்திக்கிச்சு பார்த்ததுமே எனக்குப் போன்: “யாருங்க அவரு? மேல இருக்கறவங்க பாத்தா என்ன ஆகும்? தூக்கிடுங்க.”

எனக்கு மனசில்லை. ஆனால் அதிகாரி குரலைக் கேட்டால் என் முதுகெலும்பு வெந்த முருங்கைக்காய் ஆகிவிடும். “சரிங்க சார், சரிங்க சார்” என்றேன். உறுப்பினர் பட்டியலைத் திறந்தேன். பாவத்தைப் பார்க்க வேண்டாமென்று கண்ணை மூடிக்கொண்டு ‘நீக்கு’ என்பதை அழுத்தினேன்.

கண்ணைத் திறந்தால், நான் நீக்கியிருந்தது அதிகாரியை.

பார்க்காமலே கைதட்டிப் பழகிய குழு, அன்றைக்கென்று பார்த்துவிட்டுக் கைதட்டியது.

வேறு வழி தெரியாமல் ஊத்திக்கிச்சு வாத்தியாருக்கே போன் போட்டேன். “சார், உங்களத் தூக்கப்போயி அவரத் தூக்கிட்டேன்.”

தன்னைத் தூக்க இருந்தது அவருக்கு அப்போதுதான் தெரியும்.

“சரி வுடு. பேஜாராவாத. அவர திரும்ப சேத்துட்டு, மூஞ்சியக் காட்டி நடந்தத சொல்லு.”

சேர்த்தேன். சொன்னேன். “வணக்கம். இன்னிக்கி என் அட்மின் வேல ஊத்திக்கிச்சு. ஒருத்தர எடுக்கச் சொன்னாங்க. மனசில்லாம எடுத்தேன், ஆள் மாறிடுச்சு. இனிமே யாரையும் எடுக்கறதா இல்ல.” கடைசி வாக்கியம் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

அதிகாரி ஏதோ தட்டச்சு செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. எனக்கு வராத பென்ஷன் வரைக்கும் கண்முன் ஓடியது. கடைசியில் வந்து விழுந்தது:

“நான் வாத்தியாரா இருந்தப்ப, காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டர கொதிக்கிற தண்ணியில விட்டேன். வெடிச்சிடுச்சு. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவர் இருக்கட்டும்.”

அவ்வளவுதான். புதுப்பட்டினத்தில் முளைக்கவைத்த பயறு அழுகியது. செங்கல்பட்டில் வகுத்தல் கணக்கு வகுப்பையே அழவைத்தது. ஒவ்வொன்றுக்கும் நாலு பேர் யோசனை சொன்னார்கள். ரோஜாப்பூவுக்கு இடமில்லாமல் போயிற்று.

இப்போதெல்லாம் மாலையில் அவர் வீடியோ வராவிட்டால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. போன் போட்டுவிடுகிறேன்.

“என்ன சார், உடம்பு சரியில்லையா? இல்ல, கிளாஸ் நல்லா போயிடுச்சா?”