லண்டனுக்கு ஒரு காயம் வேண்டுமாம்

சதுரங்கப்பட்டினம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் கிருபாகரன் சார் அவர்களுக்கு,

ஷாஹிதா எழுதிக்கொள்வது. உங்களுக்கும் வீட்டாருக்கும் இறைவன் நல்ல சுகத்தையும், என்னைப் போன்றவர்களின் நாவல்களைப் படித்து முடிக்கும் தெம்பையும் தருவானாக. இங்கே நானும் கணவரும் மாமியும் நலம். துவைக்காத துணி மட்டும் கூடத்தில் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. அதற்கு நீங்கள்தான் காரணம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் என் நாவலைப் பாராட்டிவிட்டு, போனை வைக்கும் முன் ஒன்று சொன்னீர்கள். ஆங்கிலத்தில் போட நினைக்கும் லண்டன் பதிப்பகத்துக்குக் கதை பிடித்திருக்கிறது, ஆனால் பேரரசு விட்டுப்போன காயம் அதில் தெரியவில்லை, டச்சுக் கோட்டை இருக்கிற ஊரில் வாழ்கிற கதாநாயகி அதன் முன்னால் நின்று ஒரு தடவையாவது அழ வேண்டாமா, அவள் அழுதால்தான் லண்டன் சம்மதிக்கும், லண்டன் சம்மதித்தால்தான் தமிழிலும் போட உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்றீர்கள். எட்டு வருஷம் எழுதிய நாவல் ஓர் அழுகைக்காக நின்றுவிடக் கூடாதே என்று, முதலில் நானே அழுது பார்க்கலாம் எனக் கோட்டைக்குப் போனேன். பீரங்கிக்குப் பக்கத்தில் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு ஜோடி வந்து போனை நீட்டியது. “அக்கா, சும்மாதான நிக்கிற, ஒரு போட்டோ எடுத்துக் குடு. மூஞ்சி வேணாங்க்கா, வூட்ல பாத்தா பேஜாரு. முதுகும் செவுரும் வந்தா போதும்” என்றான் அந்தப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் காதலர்கள் ஒதுங்க இடம் கட்டிக் கொடுத்த ஒரே அரசாங்கம் டச்சுக்காரனுடையதுதான் என்று தோன்றியதும், வர இருந்த கண்ணீரும் திரும்பிப் போய்விட்டது.

சரி, பெரியவர்களிடம் கேட்போம் என்று கொல்லைக்குப் போனேன். என் மாமியார் ஷாஜாதி மாமி துணி துவைத்துக்கொண்டிருந்தார். வாஷிங் மெஷின் இருக்கிறது, அதன் மேல் ஊறுகாய் ஜாடி வைத்திருக்கிறார். “மாமி, டச்சுக்காரன் நமக்கு இன்னா கெடுதல் பண்ணான்?” என்றேன். “இன்னா பண்ணான், வந்தான், துணி வாங்கினான், போயிட்டான். அவன் வுட்டுட்டுப் போன கல்லுலதான் ஒன் நைட்டிய அடிச்சுகினு கீறேன்” என்றார். அந்தக் கல்லில் எழுத்து இருந்ததாம். எழுத்தில் மாட்டித் துணி கிழிகிறது என்று அவருடைய மாமியார் காலத்திலேயே குப்புறப் போட்டுவிட்டார்களாம். என் கணவர் தௌசிஃபும் அவர் தம்பி நௌஷாதும் கடப்பாரை போட்டுப் புரட்டினார்கள். கப்பல், மண்டையோடு, நாலு வரி டச்சு. யாரோ ஒருவனுடைய கபுருக் கல், கல்லறைக் கல். மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு “இன்னா லில்லாஹி” என்றார். அவனுக்கு ரொம்பத் தாமதமாகக் கிடைத்த இரங்கல்.

நௌஷாத் சும்மா இருந்திருக்கலாம். தெரு வாட்ஸப் குரூப்பில் படம் போட்டுவிட்டான். மறுநாளே இரண்டு கோஷ்டி. செங்கல்பட்டிலிருந்து வந்தவர்கள், அந்நியன் தலையில் அழுக்குத்துணி அடித்த வீரத்தாய் என்று மாமிக்குச் சால்வை போட்டார்கள். “நான் யாரையும் அடிக்கல நைனா, துணியத்தான் அடிச்சேன்” என்று மாமி சொன்னது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. மாமல்லபுரத்திலிருந்து வந்தவர்கள், இது வரலாறு, இனி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் படக் கூடாது என்று சுற்றிக் கயிறு கட்டினார்கள். அன்றிலிருந்து துணி துவைப்பது கிடையாது. “ஒங்கதையால கட்டிக்க மாத்துப் பொடவ இல்ல எனக்கு” என்று மாமி சொல்கிறார், சால்வையைப் போர்த்திக்கொண்டு.

துணி மலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன் சார். நான் கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படித்தவள். கண்ணால் பார்க்காத பனியைப் பற்றி ஐந்து பக்கம் எழுதி முதல் வகுப்பு வாங்கியவள். இன்றைக்கும் ஒரு வாக்கியம் எழுதினால், யாரோ வெள்ளைக்காரர் நாற்காலியில் சாய்ந்து அதைப் படிப்பது போல ஒரு கூச்சம். காயம் என்று இருந்தால் அதுதான். அது அழவைக்காது, அரிக்கும். அன்று துணிக்கு அளவு சொல்லிக் கப்பல் அனுப்பினான், இன்று காயத்துக்கு அளவு சொல்லி மெயில் அனுப்புகிறான். நெய்து கொடுக்க நாம். காயத்தோடு சேர்த்து அன்று போனில் நீங்கள் கேட்ட தேசிய அடையாளமும் இப்படித்தான். என் கதாநாயகி பால் வாங்குகிறாள், புருஷனோடு சண்டை போடுகிறாள், இதற்கு நடுவில் இந்தியப் பெண்ணாக இருக்க அவளுக்குத் தனியாக நேரம் ஒதுக்க முடியாது. எங்கள் பேரைப் பார்த்ததும் தேசப்பற்றைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு, பிரியாணிக்கு உப்பு சொல்கிற மாதிரி.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். அவள் அழ மாட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் சேர்க்க மாட்டேன். போட்டால் இப்படியே போடுங்கள், இல்லாவிட்டால் நாவலைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் சலாம். லண்டன்காரருக்கும் நல்ல புத்தியும் நல்ல விற்பனையும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
ஷாஹிதா

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் அருங்காட்சியகத்துக்காரர்கள் வண்டியோடு வந்து கல்லை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாமி தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போனார். “எந்தத் தாயி பெத்த புள்ளையோ, இத்தினி வருசம் எங்க வூட்லதான கெடந்தான், இட்டுகினு போறாங்களே” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை. அழுகை அத்தியாயம் நாலு பக்கம் இத்துடன் இருக்கிறது. காயம் கிடைத்துவிட்டது என்று லண்டனுக்குச் சொல்லுங்கள். டச்சுக்காரனைப் பிரிந்த காயம், பரவாயில்லையா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.