எங்கள் வீட்டுப் பூனை உங்களுடையதல்ல

புத்தூர்,
வியாழக்கிழமை

திருப்பதி சகோதரி ஸ்வர்ணலதா அவர்களுக்கு, கோவர்த்தனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் மனைவி சந்திரம்மாவும் நலம். பூனையும் நலம். உங்கள் வீட்டில் அனைவரும் நலமாயிருக்க வேண்டும்.

பூனையைக் காணோம் என்று ரயில்வே ஸ்டேஷனில் நீங்கள் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துச் சந்திரம்மா அவசரப்பட்டுப் போன் செய்துவிட்டாள். ஊர், உறவு விசாரித்ததில் நீங்கள் எனக்குத் தங்கை முறை. தங்கை போனில் அழுதால் எனக்குப் பேச்சு வராது, ஆகவே கடிதம். புத்தூரில் ரயிலிலிருந்து குதித்து ஓடிய உங்கள் பூனை வேறு, எங்களிடம் இருப்பது வேறு.

நாற்பது நாளுக்கு முன் பக்கத்து வீட்டுத் துலுக்காணம், "அண்ணா, சிறுத்தைக்குட்டி உன் தண்ணித்தொட்டி மேல குந்திக்கினு கீதுண்ணா!" என்று அலறினார். கம்போடு ஓடினேன். அது என்னைப் பார்த்துக் குருவிபோல் கீச்சிட்டது. இத்தனை பெரிய உடம்பில் இத்தனை சின்னக் குரலா என்று கம்பைக் கீழே வைத்துவிட்டேன். முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவன் நான், விசாரிக்காமல் யாரையும் இறக்கிவிட்டதில்லை. கூடையில் வைத்துச் சித்தூருக்குக் கொண்டுபோனேன். கால்நடை டாக்டர் பவன்குமார், "மூஞ்சி தட்டையா இருந்தா பெர்ஷியன். இதுக்குச் சதுரமா கீது. காது நுனியில குஞ்சம், விரலுக்கு நடுவுல முடி, வாலு பாருங்க, உடம்பு நீளத்துக்குக் கீது. அமெரிக்காவுல மெயின் கூன்னு ஒரு ஜாதி சார். இன்னும் வளரும்" என்றார். இன்னுமா!

அன்றிலிருந்து நான் சீப்பும் கையுமாக இருக்கிறேன். ஒரு நாள் விட்டால் அக்குளில் சிக்கு. சீவிய முடியில் இன்னொரு பூனை செய்யலாம். தண்ணீரைக் காலால் கலக்கிவிட்டுத்தான் குடிக்கிறது. ஏனென்று தரையில் படுத்துக் கவனித்தும் எனக்குப் பிடிபடவில்லை. "சோத்துல முடி, பாயில முடி. நானு உன்னோட குடித்தனம் பண்றனா, பூனையோடயா?" என்கிறாள் சந்திரம்மா, அதற்கு மீன் முள்ளை எடுத்துக்கொண்டே.

இனி ருசு. உங்களுடையது ஆறு கிலோ என்றீர்கள், இது ஏழரை. உங்களுடையது பாக்கெட் தீனி தவிர எதையும் தொடாது. இது கெளுத்தி மீன் தவிர எதையும் தொடாது. உங்களுடையது புது ஆளிடம் வராது. இது என் மார்பில்தான் படுக்கும். ஆகவே இது உங்கள் பூனையாக இருக்க வழியே இல்லை.

பெருமாள் கிருபையில் உங்கள் பூனை விரைவில் கிடைக்கட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
கோவர்த்தனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வாட்ஸ்அப்பில் உங்கள் குரல் வந்தது. நீங்கள் தெலுங்கில் "பங்காரு, ரா நானா", தங்கமே வாடா கண்ணு, என்று கூப்பிட்டதும் பூனை பீரோ மேலிருந்து ஒரே பாய்ச்சல். போனை முகர்ந்து, காலால் புரட்டி, பின்பக்கம் உங்களைத் தேடியது. ஐந்து தடவை போட்டோம். ஐந்து தடவையும் தேடியது. "அவங்க புள்ளய அவங்க கையில குடுத்துடுய்யா" என்று சந்திரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், தங்கச்சி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வேறு கடிதம் எழுத எனக்குத் தெம்பில்லை. மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.