லத்தீன் அறையில் விளக்கு நிற்பதில்லை

"அந்தச் சிப்பாய் காவல் முடிஞ்சு வந்தான். செருப்பெல்லாம் ஈரம். மூட்டையைப் பிரிச்சான். உள்ள..." என்று லத்தீன் ஆசிரியர் கிரிம்ஷா சொல்லிக்கொண்டிருந்தபோது விளக்கு மறுபடியும் அணைந்தது.

ஜன்னல் இல்லாத அறை. இருட்டு என்றால் தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. கிரிம்ஷா மேசை ஓரத்தில் உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் படபடவென்று ஆட்டினார். கதவுக்கு மேலிருந்த சின்ன வெள்ளைக் கண் அதைப் பார்த்து விழித்துக்கொண்டது. வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தோடு, கதவைத் திறந்துகொண்டு தலைமையாசிரியர் பெல்லிங்கத்தின் முகமும் வந்தது.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ன கிரிம்ஷா, பறக்கப் போறீங்களா?"

பையன்கள் சிரித்தார்கள்.

"லைட் போச்சு, ஹெட்மாஸ்டர்."

"லைட் தானா போகாது. கொஞ்சம் வெளிய வாங்க."

ஹெதர்ஸ்லீ ஆண்கள் பள்ளியில் அந்த இலையுதிர் காலத்தில்தான் புதுக் கட்டடம் திறந்திருந்தார்கள். பெற்றோருக்குப் பெல்லிங்கம் எழுதும் கடிதங்களில் 'முன்னேற்றம்' என்ற சொல் பத்திக்கு ஒரு முறை வந்தது. கட்டடத்தில் எல்லாமே தானாக யோசித்தது. கை நீட்டினால் குழாய் கொட்டியது. வெயில் வந்தால் திரை இறங்கியது. இங்கிலாந்தின் வடக்கு மூலையில் அதற்கு அதிக வேலை இல்லை. அறையில் யாராவது அசைந்தால் விளக்கு எரியும். சில நிமிடம் யாருமே அசையாவிட்டால் அணைந்துவிடும். சுவிட்ச் என்ற பொருளே எங்கும் கிடையாது. லத்தீனுக்குக் கிடைத்தது, நாற்காலிகளை அடுக்கி வைப்பதற்காகக் கட்டிய உள்ளறை.

"எந்த அறையில விளக்கு அணையுதுன்னு என் கம்ப்யூட்டர்ல தெரியும்," என்றார் பெல்லிங்கம், நடைபாதையில் குரலைத் தாழ்த்தி. "பாட நேரத்துல அணையற அறை ஒண்ணே ஒண்ணுதான். உங்களோடது. அசையலைன்னா என்ன அர்த்தம்? பசங்க தூங்கறாங்க."

"முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க..."

"இருட்டுல எப்படிப் பார்த்தீங்க?"

பெல்லிங்கம் அதோடு விடவில்லை.

"வர்ற வியாழக்கிழமை மிஸஸ் ஃபென்விக் வர்றாங்க. லத்தீன் வேணுமா, இல்ல அந்த அறையை ரோபோ கூடமா மாத்திடலாமான்னு முடிவு பண்ணணும். பசங்க தூங்கற பாடத்தை நான் எப்படிக் காப்பாத்தறது, சொல்லுங்க?"

மிஸஸ் ஃபென்விக் பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவி. ஊரில் பெரிய பிஸ்கட் தொழிற்சாலை அவருடையது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

லத்தீன் போனால் கிரிம்ஷாவும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் யாரும் இல்லை. மனைவி நோரா போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. கடைசி மாதங்களில் அவளுக்கு வெளிச்சம் ஆகவில்லை, கண் கூசியது. திரையை இழுத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் அவளுக்கு ரோமாபுரிக் கதையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். தூங்கிவிட்டாளோ என்று நிறுத்தினால், இருட்டிலிருந்து "அப்புறம்?" என்று குரல் வரும். இப்போது அவர் கதை சொல்ல மிச்சம் இருப்பது இந்த இருபது பையன்கள்தான்.

ஆசிரியர் அறையில் பௌதிக ஆசிரியர் பைக் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"என் அறையில ஒரு தடவைகூட அணைஞ்சதில்ல, கிரிம்ஷா. பசங்களை உசுப்பிக்கிட்டே இருக்கணும்."

அது உண்மைதான். பைக்கின் வகுப்பு பக்கத்து அறை. நாற்காலி இழுபடும் சத்தமும், "யார்றா அது எறிஞ்சது?" என்ற பைக்கின் கூச்சலும் நாள் முழுக்கச் சுவரைத் தாண்டி வரும்.

"ஒரு டேபிள் ஃபேன் வச்சுப் பாருங்களேன்," என்றார் பைக். "தலையை ஆட்டிக்கிட்டே இருக்கும். விளக்கு ஏமாந்துடும்."

மறுநாள் விசிறி வந்தது. அது சுற்றியதை அந்த வெள்ளைக் கண் அசைவாகவே மதிக்கவில்லை. மேசை மேலிருந்த தேர்வுத்தாள்கள் மதித்தன. விளக்கு அணைந்ததும், கதவுக்கடியில் வெளிச்சம் போனதைப் பார்த்த காவலாளி என்னவோ ஏதோவென்று கதவைத் திறக்க, தாள்கள் கூட்டமாக வெளியேறின. நடைபாதையில் பெல்லிங்கம் ஒரு பெற்றோருக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு தாள் அவர் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நூற்றுக்குப் பதினாறு வாங்கிய தாள்.

"உயிருள்ளது ஏதாவது வேணும், சார்," என்றான் டால்பி. முதல் பெஞ்சுப் பையன். "மேட்ரனோட நாயைக் கேட்டுப் பாக்கலாமா?"

விடுதிப் பையன்களைக் கவனித்துக்கொள்ளும் அந்த அம்மாளின் நாய்க்கு டம்ப்ளிங், அதாவது கொழுக்கட்டை, என்று பெயர். பெயருக்கேற்ற உடம்பு. அறையைச் சுற்றிச் சுற்றி வரும், விளக்கு எரியும் என்பது திட்டம். டம்ப்ளிங் ஒரு சுற்று வந்தது. கிரிம்ஷா கதையைத் தொடங்கியதும் அவர் காலடியில் படுத்து, முகவாயை அவர் ஷூ மேல் வைத்துக்கொண்டது. பிறகு குறட்டை விட்டது. அந்த நேரம் பார்த்து விளக்கும் அணைந்தது.

மதியச் சாப்பாட்டுக்குள் செய்தி பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. லத்தீன் வகுப்பில் இருட்டு. இருட்டுக்குள் குறட்டை.

"குறட்டை விட்டது நாய், ஹெட்மாஸ்டர்," என்றார் கிரிம்ஷா.

பெல்லிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். "நாயே தூங்கிடுச்சா?"

புதன்கிழமை கிரிம்ஷா பையன்களைக் கூட்டிவைத்துப் பேசினார். "நாளைக்கு வகுப்பு முடியற வரைக்கும் விளக்கு எரியணும். முதல் பெஞ்சுலேர்ந்து ஒருத்தர் மாத்தி ஒருத்தரா தலையைச் சொறியுங்க. கடைசி ஆள் முடிச்சதும் மறுபடியும் டால்பி. புரிஞ்சுதா?"

"சொறிய மட்டும்தானா சார், இல்ல காதும் குடையலாமா?"

"கண்ணியமா எது தோணுதோ அது."

வியாழக்கிழமை மிஸஸ் ஃபென்விக் வந்தார். எழுபது வயது, தடித்த கம்பளிக் கோட்டு, சிரிக்காத முகம். கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தேநீர் ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பெல்லிங்கம் வெளியே போனார்.

கிரிம்ஷா வினைச்சொற்களைத் தொடங்கினார். டால்பி தலையைச் சொறிந்தான். அடுத்தவன் சொறிந்தான். அதற்கடுத்தவன் காதைக் குடைந்தான். விளக்கு ஜோராக எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது. "மிஸ்டர் கிரிம்ஷா, இந்தப் பசங்களுக்குப் பேன் தொல்லையா?"

"இல்லைங்க மேடம்."

"வரிசையா ஒருத்தன்கிட்டேர்ந்து ஒருத்தனுக்குப் போகுதே, கண்ணால பாக்கறேனே!" என்று அவர் தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டார்.

கிரிம்ஷா வினைச்சொல்லைப் பாதியில் விட்டார். டால்பிதான் கை தூக்கினான்.

"சார், அந்தச் சிப்பாய் மூட்டையைப் பிரிச்சான்னு சொன்னீங்களே. உள்ள என்ன சார் இருந்துது?"

இன்று கதை வேண்டாம் என்றுதான் கிரிம்ஷா நினைத்திருந்தார். ஆனால் இருபது முகங்களும் நிமிர்ந்துவிட்டன. அவர் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கம்பளிக் காலுறை. அவன் அம்மா அனுப்பினது. ஆனா ஒத்தைக் காலுறைதான் இருந்துது."

"இன்னொண்ணு?"

"அதைத்தான் அவனும் கேட்டான். வெளிய பனி கொட்டுது. எதிர்க் கட்டில்ல ஒருத்தன் படுத்திருக்கான். போர்வைக்கு வெளிய அவன் ஒரு கால் மட்டும் தெரியுது..."

யாரும் சொறியவில்லை. யாருடைய முறை என்பது யாருக்கும் நினைவில்லை. சிப்பாய் ஓசைப்படாமல் அந்தக் கட்டிலை நெருங்கி, போர்வையின் நுனியைப் பிடித்தபோது விளக்கு அணைந்தது.

அவ்வளவுதான், முடிந்தது என்று கிரிம்ஷா நினைத்தார். கைகளைத் தூக்கப் போனார்.

"அப்புறம்?" என்றது இருட்டு.

பெண் குரல். கிரிம்ஷாவின் கைகள் மடியிலேயே கிடந்தன. பிறகு, திரை இழுத்துவிட்ட அந்த அறையில் சொல்வாரே, அதே தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். சிப்பாய் போர்வையை மெல்லத் தூக்கினான்.

கதவு படாரென்று திறந்தது. வெளிச்சம் பாய்ந்தது.

"பாத்தீங்களா மேடம்!" என்றார் பெல்லிங்கம். "நான் சொன்னேனில்ல! எல்லாம் அணைஞ்சு கிடக்கு!"

"கதவைச் சாத்துங்க," என்றார் மிஸஸ் ஃபென்விக், கிரிம்ஷாவிடமிருந்து கண்ணை எடுக்காமல். "அவன் போர்வையைத் தூக்கிட்டான்."

"யாரு? எந்தப் போர்வை? மேடம், இந்தக் கட்டடத்துல வேற எங்கயுமே இப்படி நடக்கறதில்ல. ஆண்டு விழாவுல புது அரங்கத்துல நான் ஒன்றரை மணி நேரம் பேசினேன். அறுநூறு பேர் உட்கார்ந்திருந்தாங்க. ஒரு விளக்கு... ஒரே ஒரு விளக்குகூட அணையலையே!"

"எப்படி அணையும், ஹெட்மாஸ்டர்?" என்றார் மிஸஸ் ஃபென்விக். "முதல் வரிசையில உட்கார்ந்து ஒன்றரை மணி நேரமும் நான் நெளிஞ்சுக்கிட்டே இருந்தேனே!"